ஹிண்டெலோப்பனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்: நெதர்லாந்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் நாலு வருடமாக வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வருகிறாள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஓய்வெடுக்க வேண்டிய நாளில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வருகிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி. பள்ளிச் சுற்றுலாவுக்கு இந்த வருடம் எங்கே போகலாம் என்று பெற்றோரிடம் கேட்டிருந்தீர்கள். விலங்குக் காட்சிச் சாலை, துலிப் தோட்டம், நீர்ச்சறுக்குப் பூங்கா என்று பலரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது ஒரு சின்ன ஊர், ஹிண்டெலோப்பன். ஏன் அங்கே என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. மற்ற ஊர்த் தமிழ்ப் பள்ளிகளுக்கும் பயன்படட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஐசல்மேர் ஏரிக்கரையில் இருக்கிறது ஹிண்டெலோப்பன். 1225-இலேயே நகர உரிமை பெற்றது என்பார்கள். ஃப்ரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களில் அதுவும் ஒன்று. பெயர்தான் நகரம், அங்கே இருப்பது தொள்ளாயிரம் பேர் போல. ஊரை முழுக்கச் சுற்றிவர அரை மணி நேரம் தாராளம். குறுகலான வாய்க்கால்கள், மரப்பாலங்கள், சற்றே சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரம், துறைமுகத்தில் மதகுக் காவலர் வீடு. அந்த வீட்டையொட்டி ஒரு மர இருக்கை உண்டு. அதற்குப் 'பொய் பெஞ்சு' என்று பெயர். கடலிலிருந்து திரும்பிய கிழவர்கள் உட்கார்ந்து கதையளந்த இடம். நம் ஊர் ஆலமரத்தடித் திண்ணை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

எல்லா டச்சுச் சிற்றூரிலும் இப்படி ஏதாவது இருக்கும். ஹிண்டெலோப்பனில் பார்க்க வேண்டியது அதன் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

முதல் முறை நான் அங்கே போனது மழைக்கு ஒதுங்கத்தான். பழைய நகர மன்றக் கட்டடம் அது. உள்ளே அந்த ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தில் போட்ட நீளமான மேலங்கி ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வென்ட்கெ என்று அதற்குப் பெயர். முன்பக்கம் திறந்து, கணுக்கால் வரை இறங்கும் பருத்தி அங்கி. துணி முழுக்கக் கொடியும் பூவும். மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பூவின் இதழைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடுகிறது, தலைமுடி கனம்தான் இருக்கும். இதழ் வளையும் இடத்தில் அந்தக் கோடு கொஞ்சம் தடித்து, மறுபடி மெலிகிறது. அச்சுக் கட்டை வைத்து அடித்தால் அப்படி வராது. யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் எழுதிய கோடு அது. பக்கத்தில் இருந்த குறிப்பை அப்புறம்தான் படித்தேன். சிட்ஸ், சோழமண்டலக் கரை.

என் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சிட்ஸ் என்ற டச்சுச் சொல் உங்கள் காதில் எப்படி விழுகிறது? எங்கள் பாட்டி பூப்போட்ட துணியைச் சீட்டித் துணி என்றுதான் சொல்வார். 'சீட்டிப் பாவாடை' என்று சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களான நீங்கள் அதையே சீத்தை என்பீர்கள். வடக்கே சீன்ட், இங்கே சிட்ஸ், ஆங்கிலேயருக்குச் சின்ட்ஸ். துணி போன வழியெல்லாம் பெயரும் கூடவே போயிருக்கிறது. ஹிண்டெலோப்பன் அருங்காட்சியகத்தில் நிற்கும் நம் பிள்ளைக்கு அந்தச் சொல் டச்சாகத் தெரியும், வீட்டுச் சொல் என்று தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க உங்களை விட்டால் இங்கே யார் இருக்கிறார்கள்?

துணி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் நல்ல கதை. ஹிண்டெலோப்பன் ஆண்கள் கப்பலோட்டிகள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு நார்வேக்கும் பால்டிக் கடற்கரைக்கும் போவார்கள், மரம் ஏற்றி வருவார்கள். வசந்தத்தில் கிளம்பினால் இலையுதிர் காலத்தில்தான் திரும்புவார்கள். கோடை முழுக்க ஊரில் பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான். கப்பல் தலைவரின் பெரிய வீட்டுக்குப் பின்னால் லிக்ஹூஸ் என்று ஒரு சின்ன வீடு இருக்கும். ஆண்கள் கடலில் இருக்கும் மாதங்களில் தாயும் பிள்ளைகளும் அந்தச் சின்ன வீட்டில்தான் குடியிருப்பார்கள். பெரிய வீடு துடைத்து வைத்தபடி காத்திருக்கும். அந்தச் சின்ன வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. கணவனோ தகப்பனோ வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்க, ஊரில் குடும்பம் நடத்திய பெண்களை நம்மில் எத்தனையோ பேருக்குத் தெரியும். நான் அந்த வாசலில் நின்றபோது என் பெரியம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கப்பல்கள் ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பும்போது பெண்கள் அங்கே போவார்கள். கையில் காசு இருக்கும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து இறக்கிய துணி சந்தையில் இருக்கும். பட்டு உடுத்த ஆம்ஸ்டர்டாம் சீமாட்டிகள் இருந்தார்கள். ஹிண்டெலோப்பன் பெண்கள் எடுத்துக்கொண்டது சிட்ஸையும் கட்டம் போட்ட இந்தியப் பருத்தியையும். தங்கள் ஊருக்கே உரிய உடையாக அதைத் தைத்துக்கொண்டார்கள். மகிழ்ச்சிக்குச் சிவப்பு ஓங்கிய துணி, துக்கத்துக்கு நீலமும் வெள்ளையும். தலையணியைப் பார்த்தே மணமானவளா ஆகாதவளா என்று சொல்லிவிடலாம். வெளியூரான் ஒருவனுக்கு அது வெறும் பூப்போட்ட அங்கி. ஊர்க்காரிக்கு அது எதிரே வருகிறவளின் வீட்டு நிலவரம்.

இன்னொன்றும் உண்டு. உள்நாட்டு நெசவாளிகள் பிழைக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1686-இல் இந்தியச் சிட்ஸைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டு அடைத்தது. டச்சுக் குடியரசு தடை போடவில்லை. அதனால்தான் மற்ற நாடுகளில் பணக்காரர் பெட்டிக்குள் ஒளிந்திருந்த துணி, இங்கே மீனவர் ஊர்களிலும் மாலுமிகள் ஊர்களிலும் பண்டிகை உடையாகவே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது.

இப்போது நம் கரைக்கு வருவோம். டச்சுக்காரர்கள் நம் பக்கம் வந்ததே துணிக்காகத்தான். இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்கு வெள்ளியை விட நம் துணி நன்றாகச் செல்லுபடியானது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. நம் பிள்ளைகள் சிலர் அங்கேதான் பிறந்திருப்பார்கள். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்கு வந்தன. சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் இந்தக் கதை, 1781-இல் ஆங்கிலேயர் அதைப் பிடிக்கும் வரை ஓடியது.

அந்தத் துணி எப்படி ஆனது என்பதைப் பள்ளியில் செய்தே காட்டலாம். நான் போன குளிர்காலத்தில் என் சமையலறையில் செய்து பார்த்தேன். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டேன். கடுக்காய்ப் பொடியைப் பாலில் கலக்கி அதில் துணியை ஊறவைத்து, பிழிந்து, வெயில் இல்லாததால் ஹீட்டர் மேல் காயப்போட்டேன். துணி லேசான மஞ்சளாக வந்தது. எருமைப்பால் தேடி அலையவில்லை, கடையில் கிடைத்த கொழுப்பு நீக்காத பால்தான். பாலின் கொழுப்பு இருந்தால்தான் கோடு பரவாமல் நிற்கும். துருப்பிடித்த ஆணிகளைப் பனைவெல்லத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் வைத்திருந்தேன். அந்தத் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்தால் கலங்கிய தேநீர் மாதிரிதான் இருக்கிறது. துணியில் ஒரு கோடு இழுத்தேன். இழுத்த கை எடுப்பதற்குள் கோடு கறுத்துவிட்டது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. என் மகள் "அம்மா, இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று துணி தீரும் வரை விடவில்லை.

சிவப்புக்குப் படிகாரக் கரைசலால் எழுதி, பிறகு சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும், மற்ற இடம் வெளுத்துவிடும். நீலம் வேண்டுமென்றால், நீலம் படக்கூடாத இடம் முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். ஒரு பூவில் சிவப்பும் நீலமும் பச்சையும் வர ஒரே துணி எத்தனை முறை நனைந்து காய்ந்திருக்கும் என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். அப்புறம், துவைத்தாலும் போகாத நிறம் அது. ஐரோப்பாக்காரர்கள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதுதான் அவர்களை மயக்கியது.

சாயவேர் என்றதும் உங்கள் ஊர் நினைவு வரும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் நிலத்தில் தோண்டி எடுத்த வேர் நல்ல சிவப்புக் கொடுக்கும் என்று டச்சுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் 1697-இல் தனக்குப் பின் வருவோருக்காக விட்டுப்போன நீண்ட குறிப்பில் சாயவேரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உங்கள் மணலும் எங்கள் கரையும் ஃப்ரீஸ்லாந்து அங்கி ஒன்றில் சேர்ந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டுப் பிள்ளை, ஈழத்துப் பிள்ளை என்று வகுப்பில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அழகை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே கம்பெனி ஆட்களையும் ஏற்றிப் போனது. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலத்தில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோறில்லாமல் தங்களையோ பிள்ளைகளையோ விற்றவர்கள் ஆயிரக்கணக்கில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேற்றப்பட்டு, இன்று ஜகார்த்தாவாக இருக்கும் பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் அடிமைகளாகப் போனார்கள். 2022 டிசம்பர் 19 அன்று பிரதமர் மார்க் ரூத்த அடிமை வணிகத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, ஆசியாவில் கம்பெனி ஆண்ட இடங்களில் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரை விற்கப்பட்டதைச் சொன்னார். 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம் அலெக்சாண்டரும் மன்னிப்புக் கேட்டார். டச்சுக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுபோன சுரினாமைப் பற்றி நம் பிள்ளைகள் டச்சுப் பள்ளியில் படித்துவிடுகிறார்கள். தங்கள் பாட்டி ஊர்த் துறைமுகமும் அந்தக் கணக்கில் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இதை மறைக்க வேண்டாம். பூவையும் கப்பலையும் ஒரே நாளில் தாங்கிக்கொள்ளும் தெம்பு அவர்களுக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் கவனம் வேண்டும். அங்கே தொங்குவதெல்லாம் தமிழன் எழுதிய துணி என்று உற்சாகத்தில் சொல்லிவிடக் கூடாது. சோழமண்டலக் கரை என்று டச்சுக்காரர்கள் சொன்னது மசூலிப்பட்டினத்தையும் சேர்த்துத்தான். தெலுங்குக் கைகள் எழுதியது ஏராளம். பிற்காலத்தில் ஐரோப்பாவிலேயே அச்சடித்த போலிகளும் உண்டு. எது யார் கை என்று எழுதியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. துணியை வாங்கிய பெண் எந்தத் தெருவில் இருந்தாள் என்று கூடச் சொல்லிவிடுகிறார்கள், எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. இந்த வலியையும் பிள்ளைகள் அந்தக் கண்ணாடி முன்னால் நின்று உணரட்டும்.

அந்த ஊர் மக்களின் மரபுகள் நம் கதைக்கு வெறும் பின்னணித் திரை இல்லை. அவர்கள் கை வேலை அவர்களுடையது. மரச்சாமான் முழுக்கச் சுருண்டு சுருண்டு ஓடும் இலைகளும் பூக்களும் பறவைகளும் தீட்டுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை. நார்வே போய்வந்த மாலுமிகளின் கண்ணும் கிழக்கத்தித் துணி பார்த்த பெண்களின் கண்ணும் சேர்ந்து உண்டாக்கிய பாணி என்பார்கள். மேசை, நாற்காலி, தொட்டில், பனிச்சறுக்கு வண்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சுவருக்குள் அலமாரி மாதிரிக் கதவு வைத்த கட்டில்கள், ஓடு பதித்த சுவர்கள். 1877-இல் ஃப்ரீஸ்லாந்தின் தலைநகரான லேவார்டனில் நடந்த கண்காட்சியில் ஹிண்டெலோப்பன் அறை ஒன்றை அப்படியே அமைத்துக் காட்டினார்கள். மறுவருடம் அது பாரிஸ் உலகக் கண்காட்சிக்கே போனது. அதற்குள் ஊரின் நல்ல காலம் முடிந்திருந்தது என்பதுதான் சோகம். 1780-இல் தொடங்கிய ஆங்கிலப் போரும் பின்னால் வந்த பிரெஞ்சு ஆட்சிக் காலமும் கப்பல் தொழிலை முடித்துவிட்டன. 1932-இல் 32 கிலோமீட்டர் நீள ஆஃப்ஸ்லெய்ட்டெய்க் அணை கடலை அடைத்து ஏரியாக்கியது. வென்ட்கெ இன்று விழா நாளில் பழைய ஹிண்டெலோப்பன் என்ற பெயர் கொண்ட நடனக் குழுவினர் போடும் உடை. ஆனால் மரத்தில் தீட்டுகிற கை நிற்கவில்லை. பட்டறைக்குள் நின்று பார்க்கலாம். ஈரம் காயும் முன்னே அடுத்த நிறத்தை வைத்து ஒரே வீச்சில் சுழற்றுவதைப் பார்த்தால், நம் வீட்டு வாசலில் கோலத்தின் வளைவை ஒரே இழுப்பில் முடிக்கும் கை நினைவுக்கு வரும்.

மொழியைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஊருக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது, ஹில்பர்ஸ் என்று பெயர். டச்சு இல்லை, பக்கத்து ஊர்க்காரர் பேசும் ஃப்ரீஸ்லாந்து மொழியிலிருந்தும் நிறைய வேறுபட்டது. பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். "நாம் நாலு பேர் மட்டும் பேசுகிற பாஷையை ஏன் படிக்கணும்?" என்று என் மகள் ஒரு சனிக்கிழமை காலை என்னிடம் கேட்டாள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். தமிழ் எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி என்று அவளுக்கு எண்ணிக்கை சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. ஹிண்டெலோப்பனில் ஒரு பாட்டி பேரனிடம் ஹில்பர்ஸில் ஏதோ அதட்ட, அவன் அதே மொழியில் பதில் சொல்லிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பாடத்துக்கே நேரம் போதவில்லை, இதில் டச்சு ஊரின் வரலாறு வேறா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் போன வருடம் 'என் ஊர்' என்று படம் வரையச் சொன்னபோது பாதிப் பிள்ளைகள் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் காற்றாலையும் மறுபக்கம் கோபுரமும் வரைந்திருந்தார்கள். நீங்களே அதைச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். அந்த நடுக்கோடு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. காற்றாலைப் பக்கத்து ஊரில் கோபுரப் பக்கத்துத் துணி தொங்குகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

போக்குவரத்துக்கு: ஆம்ஸ்டர்டாமிலிருந்து அணை வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அணை நடுவில் நிறுத்தி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி என்று காட்டலாம். ரயில் என்றால் லேவார்டன் - ஸ்டாஃபோரன் பாதையில் ஊரின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அங்கிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே நடந்து போகலாம், ஆடுகள் சாலை வரை வந்து பார்க்கும். சின்னப் பிள்ளைகள் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். அவர்களுக்குப் பனிச்சறுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. பதினொரு நகரங்களையும் இணைத்துப் பனியில் 200 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தின் பழைய சறுக்குக் காலணிகள் அங்கே வரிசையாக இருக்கும். கடைசியாக அந்தப் பந்தயம் நடந்தது 1997 ஜனவரி 4-இல். அப்புறம் பனி அந்த அளவுக்கு உறையவே இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் பார்க்க ஆசை இருந்தால், லேவார்டனில் ஃப்ரீஸ் மியூசியத்திலும் சிட்ஸ் சேகரிப்பு பெரிது.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வகுப்பை மட்டும் எனக்குக் கொடுங்கள். கடுக்காய்ப் பொடி நம் கடையிலேயே கிடைக்கிறது. ஆணி ஊறிய தண்ணீர் ஒரு பாட்டில் என் சமையலறை அலமாரியில் தயாராக இருக்கிறது. தூரிகையும் துணித் துண்டும் ஆளுக்கு ஒன்று நான் கொண்டுவருகிறேன். பழைய டீ-ஷர்ட் போட்டு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கறுப்பு போகாது.

அன்புடன்,
நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா